‘எல்லோரும்’ என்ற ஒரு சொல்

தென்புறத் தடங்கள் – 17

பம்மலில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், இந்தத் தொடரின் போன அத்தியாயத்தைப் படித்துவிட்டு என்னை வழியில் நிறுத்தினார். பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த கற்சிலுவையைப் பற்றிய அத்தியாயம் அது. சிலுவையைப் பற்றித்தான் ஏதோ கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டது வேறு.

“தம்பி, எல்லாருக்கும் ரட்சிப்பு வேணும், விசுவாசிச்சாத்தான் அது கிடைக்கும்னு எங்க பாஸ்டர் சொல்றாரு. நானும் அதை நம்பித்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். ஆனா எங்கம்மா கடைசி வரைக்கும் கிருத்திகை தவறாம குன்றத்தூர் மலைக்குப் போனவங்க. அந்த ‘எல்லாருக்கும்’ல எங்கம்மா எங்க இருக்காங்க?”

என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவருடைய கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி, இன்று பம்மலையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு ஒரே மாநகராட்சியாகிவிட்ட தாம்பரத்தில், 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை, 69 நாடுகளிலிருந்து வந்த 471 பேர் இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள். உலகக் கிறிஸ்தவ வரலாற்றில் ‘தாம்பரம்’ என்பது ரயில் நிலையத்தின் பெயர் அல்ல, ஒரு விவாதத்தின் பெயர். எடின்பரோ 1910, எருசலேம் 1928, தாம்பரம் 1938 என்று உலக மிஷனரி மாநாடுகளின் வரிசையை இறையியல் மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த வரிசையில் நம் ஊர் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விவாதத்துக்குள் போகுமுன், அக்காவின் பாஸ்டர் சொன்ன அந்த நம்பிக்கையை அதன் சொந்தக்காரர்கள் சொல்கிறபடி சொல்லிவிட வேண்டும். வேரில் நிற்பவர் பவுல். உரோமையருக்கு அவர் எழுதிய கடிதத்தின் வாதம் இது: யூதரானாலும் சரி, கிரேக்கரானாலும் சரி, எல்லோரும் பாவத்துக்கு உட்பட்டவர்கள். நியாயப்பிரமாணத்தைக் கடைப்பிடித்தோ நற்செயல்களைச் சேர்த்துவைத்தோ எவரும் கடவுள் முன் நீதிமானாக முடியாது. கிறிஸ்துவின் மேல் வைக்கும் விசுவாசத்தால், இலவசமாக, கிருபையால்தான் அது வரும். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூத்தர் இதைத் தன் சீர்திருத்தத்தின் அச்சாக்கினார். அந்த லூத்தரின் வழிவந்த சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இன்றும் புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் ‘இரட்சிப்பு’, ‘விசுவாசம்’ என்று படிக்கிறோம். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அவை ‘மீட்பு’, ‘நம்பிக்கை’ ஆகிவிட்டன. சொல் மாறினாலும் உரிமைகோரல் ஒன்றுதான்.

அந்த உரிமைகோரலை ஊன்றிக் கவனித்தால், அதற்குள் இரண்டு முகங்கள் தெரியும். ‘எல்லோரும் பாவிகள்’ என்பது ஒரு சமத்துவப் பிரகடனம். புரோகிதனும் பறையடிப்பவனும், படித்தவனும் படிக்காதவனும் ஒரே வரிசையில் கைகட்டி நிற்க வேண்டும். யாருக்கும் பிறப்பால் முன்னுரிமை இல்லை. ‘விசுவாசத்தால் மட்டுமே’ என்பது ஒரு வாசல். அது ஒரே வாசல் என்று சொல்லும்போது, வேறு வாசல்களில் நின்று வாழ்நாள் முழுக்கக் கண்ணீரோடு கும்பிட்டவர்களைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. தாம்பரத்தில் கூடியவர்களில் சிலர் முதல் முகத்தைப் பார்த்தார்கள், சிலர் இரண்டாவதை. அவர்கள் மோதிக்கொண்டதன் காரணம் பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு.

மாநாடு இங்கே நடந்ததே ஒரு போரால்தான். சர்வதேச மிஷனரி மன்றம் அதைச் சீனாவின் ஹாங்சோவில் கூட்டத்தான் திட்டமிட்டிருந்தது. 1937இல் ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்ததால் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி அப்போதுதான் இடம் மாறியிருந்தது. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்து, உயர்நீதிமன்றத்துக்கு எதிரே நெரிசலில் நூறாண்டுகளைக் கழித்த கல்லூரி, 1937இல் சேலையூர்க் காட்டுப்பகுதியின் விரிந்த நிலத்துக்கு வந்து சேர்ந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931 முதலே மின்ரயில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கட்டடங்கள், மாணவர் விடுதிகள், மரநிழல் என்று உலகக் கூட்டம் ஒன்றுக்கு வேண்டிய எல்லாம் தயாராக இருந்தன.

வந்தவர்களின் பெயர்களைப் பார்த்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. தலைமை அமெரிக்கரான ஜான் மோட். 1946இல் அமைதிக்கான நோபல் பரிசு பெறப்போகிறவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுத்துலி. நிறவெறியை எதிர்த்து நின்றதற்காக 1960ஆம் ஆண்டின் அதே பரிசு அவருக்கும் கிடைத்தது. ஜப்பானிலிருந்து சேரி மக்களோடு வாழ்ந்த தொயோஹிக்கோ ககாவா. யாழ்ப்பாணத்திலிருந்து டி. டி. நைல்ஸ், அப்போது முப்பது வயது இளைஞர். 1910இல் எடின்பரோவில் ஏறக்குறைய 1200 பேர் கூடியபோது ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. தாம்பரத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சபைகளிலிருந்து வந்தவர்கள். தங்கள் நாடுகள் போரிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் சீனரும் ஜப்பானியரும் ஒரே கூரையின் கீழ் ஜெபித்தார்கள்.

மாநாட்டுக்குச் சற்று முன் மோட், காந்தி வாழ்ந்த சேகாவ் கிராமத்துக்குப் போய் அவரையும் சந்தித்தார். சேவை செய்யுங்கள், மதம் மாற்றுவதை உள்நோக்கமாக வைத்துச் செய்யாதீர்கள் என்பதே மிஷனரிகளிடம் காந்தி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தது. அன்றைய சூழல் அப்படி. 1935 அக்டோபரில் இயோலாவில் அம்பேத்கர், தாம் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அறிவித்திருந்தார். இந்தியாவில் யார் யாரை எங்கே அழைத்துப் போகிறார்கள் என்ற சச்சரவு உச்சத்தில் இருந்தது.

இந்த நேரத்தில்தான் மாநாட்டுக்கென்றே எழுதப்பட்ட ஒரு கனத்த புத்தகம் வந்து இறங்கியது. ஆசிரியர் ஹெண்ட்ரிக் கிரேமர். 1888இல் பிறந்த டச்சுக்காரர். கீழைமொழிகள் கற்றவர். ஜாவாவில் வேதாகமச் சங்கத்துக்காகப் பதினைந்து ஆண்டு உழைத்துவிட்டு, 1937இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சமயவரலாற்றுப் பேராசிரியரானவர். கிறிஸ்தவமல்லாத உலகில் கிறிஸ்தவச் செய்தி என்பதே நூலின் பெயரும் பொருளும். அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவு: மனிதன் கடவுளைத் தேடிக் கட்டிய முயற்சிகளே சமயங்கள். கடவுள் மனிதனைத் தேடிவந்த நிகழ்வு கிறிஸ்து. முதலாவது வளர்ந்து வளர்ந்து இரண்டாவதாக ஆகிவிடாது. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு கிடையாது, ஒரு பிளவுதான் இருக்கிறது.

கிரேமரைக் குறுகிய மனத்தவர் என்று ஒதுக்குவது எளிது. அது அநியாயம். நம் பக்தி நெறிகளில் அருளுக்கு இருக்கும் இடத்தை அவர் நன்றாக அறிந்தவர். பூனை தன் குட்டியைக் கவ்வித் தூக்குவதுபோல் இறைவனே உயிரைத் தூக்குகிறான் என்று தென்கலையார் சொல்கிறார்கள். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் உயிரும் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கட்சி. கிருபையா, முயற்சியா என்ற இந்த வழக்கு லூத்தருக்கு முன்பே நம் மண்ணில் வேர்விட்டது. பக்தி நெறிகளையும் ஜப்பானின் ஷின்ரான் பௌத்த நெறியையும் கிரேமர் கற்றே எழுதினார். அவற்றின் உயரத்தை ஒப்புக்கொண்ட பிறகும், அவை வேறு என்றார். இன்னொன்றும் சொன்னார், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நடைமுறையில் இருக்கும் கிறிஸ்தவ சமயமும் மனித முயற்சிதான், அதுவும் அதே தீர்ப்பின் கீழ்தான் நிற்கிறது.

இவ்வளவு கறாராக அவர் பேசியதன் பின்னணியில் ஐரோப்பா இருந்தது. ஜெர்மனியில் இனத்தையும் இரத்தத்தையும் மண்ணையும் தெய்வமாக்கி, அதற்கு ஏற்றபடி வேதத்தை வளைத்துக்கொண்ட ஒரு ‘ஜெர்மன் கிறிஸ்தவம்’ எழுந்திருந்தது. அதை எதிர்த்து 1934இல் பார்மனில் கூடிய சபையாருக்காக இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிக்கொடுத்த அறிக்கை, கிறிஸ்துவைத் தவிர வேறு எந்த வெளிப்பாட்டையும் ஏற்க மாட்டோம் என்றது. அந்த ‘மட்டுமே’ ஹிட்லரின் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது. பார்த்தின் தாக்கம் கிரேமரிடம் ஆழமாக உண்டு. பின்னாளில் நெதர்லாந்து நாஜிகளிடம் விழுந்தபோது கிரேமர் தலைகுனியவில்லை. 1942இல் பணயக்கைதியாக அடைக்கப்பட்டார். ஆகவே அவருக்கு ‘மட்டுமே’ என்பது ஒரு கேடயம். அதே சொல் சென்னையில் வந்து ஒலித்தபோது, ஆளும் இனத்தின் சமயம் ஆளப்படும் மக்களின் சமயத்தைப் பார்த்துச் சொல்வதாகக் கேட்டது. சொன்னவர் இடத்திலும் நியாயம் இருந்தது, கேட்டவர் காதிலும் பிழை இல்லை.

நைல்ஸ் பிற்காலத்தில் சொன்ன ஒரு நிகழ்ச்சி இங்கே பொருந்தும். 1935இல் அவர் கார்ல் பார்த்தைச் சந்தித்தார். பிற சமயங்கள் அவிசுவாசம் என்றார் பார்த். நீங்கள் எத்தனை இந்துக்களைச் சந்தித்திருக்கிறீர்கள் என்று கேட்டார் நைல்ஸ். ஒருவரையும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் எப்படித் தெரியும் என்றதற்கு, அனுபவத்துக்கு முன்பே தெரியும் என்றாராம் பார்த். நைல்ஸ் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டார். அண்டைவீட்டில் திருநீற்று நெற்றிகளைப் பார்த்தே வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர் வேறென்ன செய்வார்?

சென்னைக்காரர்கள் சிரிப்போடு நிற்கவில்லை. மாநாட்டுக்கு முன்பாகவே 1938இல் ஒரு புத்தகத்தை அச்சடித்து வெளியே வைத்தார்கள். இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது அதன் நோக்கம். ஜி. வி. ஜோப், பி. செஞ்சையா, வி. சக்கரை, டி. எம். தேவசகாயம், எஸ். ஜேசுதாசன், எட்டி ஆசீர்வாதம், ஏ. என். சுதரிசனம் ஆகியோர் எழுதியது. இவர்களில் ஜேசுதாசன் 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவியவர். எல்லோரும் கிறிஸ்துவிடம் உயிரைக் கொடுத்தவர்கள்தாம். மிஷன் அலுவலகங்கள் வகுத்த கிறிஸ்தவம்தான் அவர்களுக்கு ஒவ்வவில்லை.

சக்கரைச் செட்டியாரைத் தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். திரு.வி.க. காலத்துச் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தின் முன்வரிசைக்காரர், வழக்கறிஞர், 1941இல் சென்னை மேயர், 1954இல் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவர். கிறிஸ்தவக் கல்லூரியில் வில்லியம் மில்லரிடம் படித்து 1903இல் ஞானஸ்நானம் பெற்றவர். இயேசுவை அவதாரம் என்ற சொல்லால் விளக்கி நூல் எழுதினார். இந்த அவதாரம் வந்துபோய் முடிந்த ஒன்றல்ல, ஆவியாக இன்னும் மனிதருக்குள் இறங்கிக்கொண்டிருப்பது என்பது அவர் கருத்து. ஆலைத் தொழிலாளரோடு தெருவில் நின்றவருக்கு, மீட்பு என்பது செத்தபின் கிடைக்கும் சீட்டாக மட்டும் இருக்க முடியாது.

அவருடைய மைத்துனர் செஞ்சையா இன்னும் துணிந்தவர். நெல்லூரில் பிறந்தவர், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். கும்பகோணத்து மாஸ்டர் சி.வி.வி.யின் யோகமும் அரவிந்தரும் அவரை ஈர்த்திருந்தார்கள். பாவம், தண்டனை, மன்னிப்பு என்ற நீதிமன்ற மொழியிலேயே இரட்சிப்பைப் பேசிக்கொண்டிருப்பது போதாது என்றார் இந்த நீதிபதி! இயேசுவில் ஒரு புதிய படைப்பு தொடங்கியிருக்கிறது. மனிதகுலம் அடுத்த படிக்கு ஏறப்போகிறது. விசுவாசம் என்பது அந்தப் புதிய உயிராற்றலைத் தனக்குள் வாங்கிக்கொள்வது. இப்படிப் போகிறது அவர் சிந்தனை. கிரேமரின் நூலுக்கு அவர் எழுதிய நீண்ட மறுப்பு, சென்னைக்காரர்களின் அந்தப் புத்தகத்தில் பின்னிணைப்பாகவே சேர்ந்தது. இந்துவாக வாழ்ந்து கிறிஸ்துவிடம் வந்தவனுக்கு, தன் பழைய வீடு முழுக்க இருட்டு என்று சொல்லச் சம்மதமில்லை. அந்த வீட்டில் எரிந்த விளக்கில்தானே அவன் முதலில் படித்தான்.

என்னை மிகவும் தொட்டவர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்துக்காரர். 1903இல் சென்னை வந்தவர். கிறிஸ்தவக் கல்லூரியில் தத்துவம் கற்பித்து, 1928 முதல் 1938 வரை முதல்வராக இருந்தவர். கல்லூரியைத் தாம்பரத்துக்குக் கொண்டுவந்ததும் அவர் காலத்தில்தான். மாணவப் பருவத்தில் ஒருமுறை விசுவாசத்தை முற்றாக இழந்து, மெல்ல மெல்ல மீண்டவர். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். கிரேமர் பிறந்த அதே 1888இல் பிறந்தவர். வேதாந்தத்தில் அறநெறிக்கு இடமில்லை என்ற மிஷனரி விமர்சனத்துக்குப் பதிலாகவே அவர் தன் முதுகலை ஆய்வை எழுதினார். ஹாக் அதை மனமாரப் பாராட்டினார்.

அந்த ஹாக், ஓய்வுபெறும் வயதில், தன் கல்லூரி வளாகத்திலேயே கிரேமருக்கு மறுப்புச் சொன்னார். பிற சமயங்களைப் பற்றிப் பேசுகிறீர்களே, பிற சமயத்தவரின் விசுவாசத்தைப் பற்றிப் பேசினீர்களா என்பது அவர் கேள்வி. கோட்பாடுகளும் சடங்குகளும் ஒரு பக்கம் இருக்கட்டும். தன் கடவுளை உண்மையாக நம்பி, உருகி, பிழைத்த ஓர் உயிர் இருக்கிறதே, அந்த நம்பிக்கையைக் கடவுள் தொடவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? முப்பத்தைந்து ஆண்டுகள் இந்து மாணவர்களின் முகங்களைப் பார்த்துப் பாடம் நடத்தியவரின் கேள்வி அது. கிறிஸ்துவின் தனித்தன்மையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எல்லோருக்கும் கிறிஸ்து வேண்டும் என்பதில் கிரேமரோடு அவருக்குச் சண்டை இல்லை. கிறிஸ்து வரும்வரை அங்கே கடவுள் இல்லை என்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. தாம்பரத்தில் கேட்கப்பட்டவற்றில் இதைவிடக் கூர்மையான கேள்வி வேறில்லை என்பது என் தீர்ப்பு.

ஒரு குரலை விட்டுவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. அவருடைய தோர்ணக்கல் பேராயத்தில், ஒடுக்கப்பட்ட சாதியினரான மாலர்களும் மாதிகர்களும் பல்லாயிரக்கணக்கில் கிராமம் கிராமமாகச் சபைக்கு வந்தார்கள். எந்தச் சமயத்தில் எவ்வளவு வெளிச்சம் என்ற அளவையை அவர்கள் கேட்கவில்லை. ‘எல்லோரும்’ என்ற சொல்லில் தாங்களும் உண்டு என்பதுதான் அவர்கள் காதில் விழுந்தது. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனிடம், தகுதி ஏதும் கேட்காமல் கிருபை கிடைக்கிறது என்று சொன்னால் அவன் அதைத் தத்துவமாகக் கேட்க மாட்டான், விடுதலையாகக் கேட்பான். செஞ்சையாவும் சக்கரையும் படித்த மேல்தட்டு இந்து மரபின் செல்வத்தைச் சுமந்து வந்தவர்கள். அது அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மாலருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. தாம்பரத்து விவாதத்தைப் பேசும் நூல்களில் இந்த வேறுபாட்டுக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது எனக்குள்ள மனக்குறை. அதே வேளையில், சபைக்குள்ளும் சாதி பின்தொடர்ந்து வந்து பெஞ்சு போட்டு உட்கார்ந்துகொண்டதையும் மறைக்கக்கூடாது. எல்லோரும் பாவிகள் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிட்டவர்களே பந்தியிலும் கல்லறையிலும் எல்லோரும் இல்லை என்றார்கள். அசரியா அதை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினார்.

பதினெட்டு நாள் முடிவில் மாநாடு ஓர் அறிக்கை எழுதியது. கிறிஸ்துவே எல்லோருக்கும் வழி என்பதில் அது உறுதியாக நின்றது. பிற சமயங்களில் ஆழ்ந்த அனுபவங்களும் உயர்ந்த ஒழுக்கமும் உண்டு என்றும் சொன்னது. அந்தச் சமயங்களில் கடவுளின் வெளிப்பாடு ஏதேனும் ஓர் அளவில் உண்டா என்ற கேள்விக்கு வந்தபோது, கிறிஸ்தவர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. ஒன்பது மாதத்தில் உலகப்போர் மூண்டது. மாநாட்டின் ஏடுகள் ஏழு தொகுதிகளாக 1939இல் அச்சாயின. ஹாக்கின் மறுப்பு முதல் தொகுதியில் இருக்கிறது.

விவாதம் அதோடு ஓயவில்லை. 1965 அக்டோபர் 28 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் கத்தோலிக்கத் திருச்சபையின் சார்பில், பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. அடுத்த மாதம் கிரேமர் காலமானார். தாம்பரம் மாநாட்டுக்கு ஐம்பது ஆண்டு கழித்து, 1988இல், பல நாட்டு இறையியலாளர்கள் மறுபடி தாம்பரத்தில் கூடி அதே கேள்வியை எடுத்தார்கள். அப்போதும் ஒருமிக்கவில்லை.

தையல் கடை அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாக்கைப் பற்றிச் சொன்ன இடத்தில், “அந்த வெள்ளைக்காரர் எங்கம்மாவைப் பார்த்திருக்கணும்” என்றார். பிறகு, தன் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், மலைப்படியில் உட்கார்ந்து அறுபத்துமூவர் கதையை யார் சொன்னாலும் கேட்டு அழுவார் என்றும் சொன்னார். அந்த அறுபத்துமூவரைப் பாடிய சேக்கிழார் பிறந்தது அதே குன்றத்தூரில். குயவரும் வண்ணாரும் மீனவரும் புலையரும் வேடரும் அடியார்களாக நிற்கும் வரிசை அது. அதுவும் ஓர் ‘எல்லோரும்’தான்.

அடுத்த இதழில் பல்லாவரத்துக் கண்டோன்மெண்ட்டுக்குப் போவோம். அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1938 டிசம்பரில் தாம்பரம் வந்த பிரதிநிதிகளின் பெயர்கள் அச்சில் இருக்கின்றன. அத்தனை பேருக்கும் கிறிஸ்துமஸ் நாளையும் சேர்த்துப் பதினெட்டு நாள் சமைத்தவர்கள், தண்ணீர் இறைத்தவர்கள், பெட்டி தூக்கியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் நம் சுற்றுவட்டாரத்து மக்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். சேலையூர், இரும்புலியூர், பல்லாவரம், பம்மல் பகுதிகளில் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அதைப் பற்றிப் பேசிக் கேட்டிருந்தால், ஒரு பெயர் மட்டும் நினைவிருந்தாலும் சரி, எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)